கனகாம்புஜம் ரயிலிலிருந்து இறங்கிய விவரம்

கடத்தூர் சன்மார்க்க வாசகசாலையில் ஒரு பீரோ இருந்தது. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி தலைவரிடம், மற்றதன் சாவி காரியதரிசியிடம். இருவரும் ஒரே சமயத்தில் ஊரில் இருந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் நிலைமையிலும் இருந்தால்தான் புத்தகம் வெளியே வரும். ஆகையால் புத்தகங்கள் பத்திரமாக இருந்தன. ஜனங்களும் அவற்றிடமிருந்து பத்திரமாகவே இருந்தார்கள்.

தலைவர் கோதண்டபாணியார் சப்-ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதிய பத்திரங்களில் பிழை பார்த்து அலுத்துப்போய், தாமே ‘ஒழுக்க நவநீதம்’ என்றொரு நூலை எழுதி, தம் செலவில் அச்சிட்டு, பீரோவின் மேல்தட்டு முழுவதும் அடுக்கி வைத்திருந்தார். காரியதரிசி வக்கீல் வேதாசலம். “மழை பெய்கிறதா?” என்று கேட்டால், “பெய்யவில்லை என்று சொல்வதற்கில்லை” என்பார்.

மொரப்பூர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, பழைய பத்திரிகைக் கட்டோடு முன்னட்டை கிழிந்த நாவல் ஒன்றையும் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ‘கனகாம்புஜம் அல்லது ரயிலில் மறைந்த மணமகள்’ என்பது அதன் பெயர். வாசகசாலையை நடத்திய சபை அதைப் புத்தகமாகவே மதிக்காததால் பீரோவில் ஏற்றவில்லை. அது தாழ்வாரத்துப் பலகையில் கிடந்தது.

வாசகசாலையைப் பெருக்கித் திறந்து மூடுகிறவன் முனிராஜ். அவனுக்குக் கணீரென்ற குரல். சந்தை நாளில் வெயில் தாழ்ந்த பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த ஐரோப்பா யுத்தச் செய்தியை உரக்கப் படிக்க வேண்டுமென்பது அவனுக்கு இட்ட உத்தரவு. ஒரு நாள் பத்திரிகை வரவில்லை. கூடியிருந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப மனம் வராமல், பலகையில் கிடந்ததை எடுத்துப் படித்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அடுத்த சந்தைக்குப் பத்திரிகை வந்துவிட்டது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

“சண்டை கெடக்குதுங்க, அது நாளைக்கும் இருக்கும். அந்தப் பொண்ணு என்னாச்சு, அதைப் படிங்க” என்றாள் வெற்றிலை விற்கிற கருப்பி.

கதையில் கனகாம்புஜம் தாய் தகப்பன் இல்லாதவள். கல்யாணமான புதிதில், புருஷன் வீட்டுக்குப் போகத் தனியே ரயில் ஏறுகிறாள். அவளுடைய நகைகளைக் குறி வைத்து ஒரு முரடன் அதே வண்டியில் ஏறுகிறான். வண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. விளக்கு அணைகிறது. சரியாக அந்த இடத்தில் முனிராஜ் புத்தகத்தை மூடிவிட்டான். மீதி அடுத்த வாரம். மீதி அவனுக்கும் தெரியாது. முன்கூட்டிப் படித்துவிட்டால், சந்தை நாளில் தன் முகத்தைப் பார்த்தே ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் ஒரு பக்கங்கூட முன்னால் புரட்டமாட்டான்; இன்னும் எவ்வளவு மீதி என்றும் பார்க்கமாட்டான்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மல்லையன் ஒருவன். வத்தல்மலையில் சாமையும் ராகியும் பயிரிடுகிறவன். புளியும் கடுக்காயும் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவருவான். அன்று மலையேறும் வழியெல்லாம் அந்தச் சுரங்கத்து இருட்டே அவன் கண்ணில் நின்றது. பாதி வழியில் நின்று, தீர்த்தமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“தீர்த்தமலையானே, அந்தப் பொண்ணு நல்லபடியா வண்டிய உட்டு எறங்கட்டும். என் முடிய உனக்குக் குடுக்கறேன்.”

வீட்டுக்குப் போய் மனைவி காளியிடம் சொன்னான். அவள் களி கிளறிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணுக்கு ஆத்தா இல்லியா?”

“இல்ல.”

“அண்ணந் தம்பி?”

“ஆருமில்ல.”

“அப்புறம் வேற ஆரு நேந்துக்குவாங்க” என்றாள் காளி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் சபையில் பேச்சு அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

தாழ்வாரத்துக் கூட்டத்தைக் கோதண்டபாணியார் தம் கண்ணால் பார்த்துவிட்டார். அதே கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், பீரோவில், அவருடைய நவநீதம் ஏடு பிரிக்கப்படாமல் இருந்தது. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். காகிதம் கிடைக்காத யுத்த காலமாக இருந்தும், அழைப்பிதழ் ரோஜா நிறத் தாளில் அச்சாயிற்று.

“மகாஜனங்களே,” என்று அவர் தொடங்கினார். எதிரில் மகாஜனங்கள் என்று காரியதரிசியும், சபையின் விஞ்ஞான உறுப்பினரான கம்பவுண்டர் இன்னாசியும் மட்டும் இருந்தார்கள். “இந்தச் சபை ஜனங்களின் அறிவை வளர்ப்பதற்காக ஏற்பட்டது. ஜனங்களோ சபையைக் கேட்காமலே ஒரு புத்தகத்தை விரும்பியிருக்கிறார்கள். இதைக் காட்டிலும் பெரிய அறியாமை உண்டா? நான் எழுதிய நூலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அழுகை வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வரவில்லை. உயர்ந்த நூலின் லட்சணம் அது.”

“உயர்ந்ததல்ல என்று சொல்வதற்கில்லை” என்றார் வேதாசலம்.

‘கனகாம்புஜம் என்னும் நாவல் ஜனங்களுக்கு எதனால் பிடிக்கிறது என்பது கண்டறியப்படும் வரையில், அதை ஒருவரும் படிக்கலாகாது’ என்று தீர்மானம் நிறைவேறியது. நாவல் முதல் தடவையாகப் பீரோவுக்குள் போயிற்று. சுரங்கத்துக்குள் இருந்த கனகாம்புஜத்தின் மேல் இரண்டு பூட்டுகள் விழுந்தன.

இதில் மல்லையன் வீட்டுக்குத்தான் கஷ்டம் வந்தது. மகள் சின்னபொண்ணுக்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசியிருந்தது. சாமிக்கென்று நேர்ந்துகொண்ட முடி தகப்பன் தலையில் இருக்கும்போது மகள் கழுத்தில் தாலி ஏறக்கூடாது என்பது அவர்கள் ஊர்க் கட்டு. மாப்பிள்ளையின் தகப்பன் குள்ளன் வந்து உட்கார்ந்தான்.

“என்ன மச்சான், தலையும் தாடியும் புதராட்டம் இருக்குது. போயி எறக்கிட்டு வர்றதுதானே?”

“எப்பிடி மச்சான் எறக்கறது? அந்தப் பொண்ணு எறங்குனாத்தானே நான் எறக்கறது.”

“எந்தப் பொண்ணு?”

மல்லையன் சொன்னான். குள்ளன் தாடையைத் தடவிக்கொண்டான். அது கதைதானே என்று அவன் கேட்கவில்லை. சாமியிடம் சொன்ன சொல் கதையில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

“சரி மச்சான், காத்திருக்கறேன். ஆனாக்கா தை தாண்டுனா என் பையன் கோலார் பக்கம் வேலைக்குப் போயிருவான். அப்புறம் எந்த வருசமோ. அவனுக்குப் பொண்ணு குடுக்க வேற எடத்துலயும் கேட்டுக்கிட்டு இருக்கறாங்க. பாத்துச் செய்.”

சின்னபொண்ணு அடுப்படியில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாளே மல்லையன் கடத்தூருக்கு இறங்கினான். வேதாசலத்தின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

“சாமி, நீங்க கதை படிக்க வேண்டாங்க. அந்தப் பொண்ணு எறங்குச்சா இல்லியான்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும். அதுக்குன்னு முடி நேந்துக்கிட்டதால என் வூட்ல ஒரு கலியாணம் நிக்குது.”

வேதாசலம் கண்ணாடியைத் துடைத்தார். “இறங்கினாளா என்பது இரண்டாவது கேள்வி. ஏறினாளா என்பது முதலில் ருசுவாக வேண்டும். டிக்கெட் எங்கே? அதிருக்கட்டும், கனகாம்புஜத்துக்கு நீ என்ன வேண்டும்?”

“ஒண்ணும் வேணாங்க.”

“வேண்டாம் என்றால் எதற்கு வந்தாய்?”

மல்லையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வேதாசலத்துக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஒரு நாவலால் தலைமுடி வளர்ந்த மனிதன் தானாகவே வந்து அகப்பட்டிருக்கிறான். உடனே தலைவருக்கு ஆளனுப்பினார். மல்லையனை விசாரணையின் முக்கிய சாட்சியாகவும், அவன் தாடியைத் தடயப் பொருளாகவும் சேர்த்தார்கள். தடயத்தை யாரும் கத்தரிக்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவும் கொடுத்தார்கள்.

விசாரணை தினத்தன்று கோதண்டபாணியார் மேல்கோட்டும் தலைப்பாகையுமாக வீற்றிருந்தார்.

“கதாநாயகி அழகி என்பதால் உனக்குப் பிடித்ததா?”

“அழகுன்னு எழுதியிருந்தாங்க சாமி. நாம எங்க பாத்தோம்?”

“மர்மம் இருப்பதனாலா?”

“அப்பிடின்னா என்னங்க?”

“அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பது.”

“அது எங்க வூட்லயே நெறைய இருக்குதுங்க.”

தாழ்வாரத்தில் நின்ற ஜனங்கள் சிரித்தார்கள். தலைவர் மேசையைத் தட்டினார். “பின்னே எதனாலடா பிடித்தது? யோசித்துச் சொல்.”

மல்லையன் தாடியை நீவியபடி யோசித்தான். “அந்தப் பொண்ணு வண்டியில போறப்ப எதுக்க ஒரு கெழவன் இருமிக்கிட்டு இருப்பானுங்க. தான் குடிக்கக் கொண்டாந்த செம்புத் தண்ணிய அவனுக்குக் குடுத்துச்சு. அவன் மேலெல்லாம் சிந்திக்கிட்டுக் குடிக்கறப்ப, அவன் கூச்சப்படக் கூடாதுன்னு சன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அப்பத்தானுங்க எனக்கு… நல்ல பொண்ணுன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

“அதைக் கேட்டுத்தான் நானுங்கூட அழுதேன்” என்றாள் கருப்பி வெளியிலிருந்து.

‘தண்ணீர்’ என்று எழுதிக்கொண்டார் வேதாசலம்.

அதன் பிறகு விஞ்ஞான பரிசோதனை. இன்னாசி ஒரு பெஞ்சில் நாலைந்து பேரை உட்காரவைத்து, மாறி மாறி நாடி பிடித்தார். நாவல் பூட்டில் இருந்ததால், ஒப்பு நோக்குவதற்கு முனிராஜ் முதலில் ஒழுக்க நவநீதத்தைப் படித்தான். ‘மயிர்நீப்பு முதலிய நித்திய கருமங்களின் காலநிர்ணயம்’ என்னும் அத்தியாயம் முடிவதற்குள் நாடிகள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. ஒருவன் குறட்டை விட்டான். நாடி பிடித்திருந்த இன்னாசியே அவன் தோளில் சாய்ந்துவிட்டார். விழித்ததும் மிகுந்த உண்மையோடு ஓர் அறிக்கை கொடுத்தார்: ‘தூக்கமின்மையால் வருந்துவோருக்கு இந்நூல் கைகண்ட மருந்து. சாப்பாட்டுக்குப் பின் அரைப் பக்கம் போதும். குழந்தைகளுக்குக் கால் பக்கம்.’

கோதண்டபாணியார் அந்த அறிக்கையில் தம் நூலுக்குக் கிடைத்த பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“கவர்ச்சியின் காரணம் தெரிந்துவிட்டது” என்று அறிவித்தார். “தண்ணீர். இனி நாமே ஒரு நாவல் எழுதலாம். ஒழுக்கமும் இருக்கும், தண்ணீரும் இருக்கும்.”

சபையார் கூடி நாவல் எழுதினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் பிரேரேபிக்கப்பட்டு, ஆமோதிக்கப்பட்டு நிறைவேறியது. கதாநாயகி கன்னியா, கல்யாணமானவளா என்பதில் தலைவருக்கும் காரியதரிசிக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டதால், ‘அவள் அவ்விஷயமாக ஒன்றும் கூறவில்லை’ என்று சமரசம் செய்யப்பட்டது. முரடன் நகையைப் பறிப்பதற்கு முன் முறைப்படி வக்கீல் நோட்டீஸ் கொடுத்தான். கதாநாயகி அதற்கு உரிய காலத்துக்குள் பதில் கொடுத்தாள். ரயில் சுரங்கத்தில் நுழையுமிடத்தில், இருட்டு ஒழுக்கக் கேட்டுக்கு இடமளிக்கும் என்று தலைவர் ஆட்சேபித்ததால், சுரங்கத்துக்குள் விளக்குகள் எரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கையில் எந்நேரமும் ஒரு குடம் இருந்தது. இஞ்சின் டிரைவருக்கும், முரடனுக்கும், நோட்டீஸ் கொண்டுவந்தவனுக்கும், வேண்டாமென்று சொன்னவர்களுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

‘சம்பூரணி அல்லது தகுதியறிந்து தண்ணீர் கொடுத்தவள்’ என்று பெயர் வைத்தார்கள். மார்கழி மாதச் சந்தையன்று தலைவர் தாமே மேடை போட்டுப் படித்தார். கூட்டம் மரியாதைக்கு உட்கார்ந்து கேட்டது. மேடைக்கடியில் படுத்திருந்த ஆடு ஒன்றுதான் நடுவில் எழுந்து போயிற்று.

படித்து முடித்துத் தலைவர் நிமிர்ந்தபோது கருப்பி கேட்டாள்.

“முடிஞ்சுதுங்களா? பாவம், அந்தப் பொண்ண செத்த நேரம் உக்கார உடுங்க சாமி. எந்நேரமும் குடத்தைத் தூக்கிக்கிட்டு, இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

தலைவர் அதைக் காதில் வாங்காமல் மல்லையனைத் தேடிப் பிடித்தார். இதற்குள் மல்லையனின் தாடி மார்புக்கு வந்திருந்தது.

“மல்லையா, இந்தக் கதாநாயகிக்கும் ஏதாவது ஒரு பிரார்த்தனை செய்துகொள். மொட்டை வேண்டாம், ஒரு தேங்காய் போதும்.”

மல்லையன் அவர் மனம் நோகக் கூடாதே என்று நிதானமாகப் பதில் சொன்னான்.

“அதுக்கு என்னங்க கொறை? எசமானுங்க நீங்க இத்தனை பேரு இருக்கறீங்க. அந்தக் கனகாம்புஜத்துக்குத்தான் ஆருமில்லீங்க.”

கோதண்டபாணியார் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவரை மூன்றாம் நாள் வெளியே வரவழைத்தது வேதாசலத்தின் புது யோசனை.

“முடிவு தெரியாதவரைக்கும்தான் அந்த நாவலுக்குக் கவர்ச்சி. முடிவைப் பகிரங்கமாகப் படித்துவிட்டால் கவர்ச்சி தீர்ந்தது, விசாரணையும் தீர்ந்தது. முனிராஜ் படிக்கக் கூடாது, உணர்ச்சி காட்டிவிடுவான். தாங்கள் படியுங்கள். தங்கள் குரலில் எந்த நாவலும் பிழைக்காது.”

கோதண்டபாணியார் இதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தை பிறப்பதற்கு முந்திய சந்தை. வாசகசாலைக்குள் இடமில்லை. முன்வரிசையில் மல்லையன், காளி, சின்னபொண்ணு, குள்ளன். தலைவரின் சாவியும் காரியதரிசியின் சாவியும் சேர்ந்து திரும்பின. கோதண்டபாணியார் நாவலைக் கையிலெடுத்து, முனிராஜ் மடக்கி வைத்திருந்த ஏட்டைப் பிரித்தார்.

“விளக்கு அணைந்தது. கனகாம்புஜத்தின் கையை யாரோ இறுகப் பற்றினார்கள்” என்று சர்க்கார் கெஜட் படிக்கிற தொனியில் படித்தார். பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த பக்கம் இல்லை. பின்னட்டைதான் இருந்தது. அட்டைக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவில் கிழிந்த நூல் இழைகள் சில தொங்கின. ஸ்டேஷன் மாஸ்டர் அந்த நாவலை ஏன் விட்டுப்போனார் என்பது கோதண்டபாணியாருக்கு அப்போது விளங்கிற்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் மல்லையன் கைகூப்பி உட்கார்ந்திருந்தான். காளியின் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சின்னபொண்ணு தலையை நிமிர்த்தவே இல்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘மேற்படி நூல் பூர்த்தியில்லாதிருப்பதால் விசாரணை காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது’ என்பதுதான் சொல்லவேண்டிய வாக்கியம். அந்த மாதிரி வாக்கியங்களிலேயே வாழ்ந்தவர் அவர். வாயைத் திறந்தார்.

“மேற்படி வண்டியானது,” என்றார், “மேற்படி சுரங்கத்தை விட்டு… வெளியே வந்தது.”

கூட்டம் பெருமூச்சு விட்டது.

“வெளியே நல்ல வெயில் அடித்தது. பார்த்தால், கையைப் பிடித்திருந்தது அந்த இருமல் கிழவர். இருட்டில் குழந்தை பயப்படுமே என்று பிடித்துக்கொண்டாராம்.”

“அந்த முரடனுங்க?” என்றான் குள்ளன்.

கோதண்டபாணியார் பின்னட்டையை உற்றுப் பார்த்தார். “அவன் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டான்.”

“ஏனுங்க?”

“டிக்கெட் வாங்கவில்லை.”

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதாசலம் டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டுத் தலையை நீட்டினார். புத்தகத்தில் அட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்பதைக் கண்டார். அவர் விரல் ஆட்சேபணை செய்ய உயர்ந்தது. பிறகு முன்வரிசையைப் பார்த்தார். விரல் மெல்ல இறங்கியது.

“எந்த ஸ்டேசன்லீங்க எறங்குச்சு?” என்று கேட்டான் மல்லையன்.

“மொரப்பூர்” என்றார் கோதண்டபாணியார். “நம் மொரப்பூரில்தான் இறங்கினாள். கிழவரும் இறங்கினார். ஸ்டேஷன் குழாயில் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து, ‘நீ இன்னும் குடிக்கவில்லையே அம்மா’ என்று கொடுத்தார். அவள் குடித்தாள். அப்போது அவர்…”

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வேண்டியும் இருக்கவில்லை. மல்லையன் தாடியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய மனிதர் முன்னால் அழுகிறோமே என்று அவன் தோள் குறுகிற்று.

கோதண்டபாணியார் புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புளி மூட்டை ஏற்றிய ஒரு வண்டி நின்றிருந்தது. மல்லையன் மூக்கைச் சிந்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் வரையில் அவர் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய கூட்ட நடவடிக்கையை வேதாசலம் இப்படி எழுதினார்: ‘நாவலின் முடிவு தலைவரால் படிக்கப்பட்டது. எதனால் பிடிக்கிறது என்பது கண்டறியப்படவில்லை. முடிவு அச்சிலிருந்ததா என்னும் கேள்வி எழவில்லை. எழுந்தால் ஆட்சேபணை இல்லை.’ பிறகு புத்தகத்தைப் பீரோவில் வைத்து இரண்டு பூட்டும் போட்டார்கள். அடுத்த சந்தைக்கு வேறு நாவல் கிடைக்குமா என்று கம்பவுண்டர் இன்னாசி முனிராஜைத் தனியாகக் கேட்டார்.

மல்லையன் தீர்த்தமலைக்குப் போய் முடி இறக்கினான். தலையில் சந்தனம் காய்வதற்குள் மலையேறிச் சன்னிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினான். குருக்கள் பெயர் கேட்டார்.

“கனகாம்புஜமுங்க.”

“நட்சத்திரம்?”

“தெரியாதுங்க. நல்லபடியா எறங்கிருச்சு.”

குருக்கள் அர்ச்சனை செய்து தட்டைத் திருப்பிக் கொடுத்தார். மல்லையன் வாங்கவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றான்.

“இன்னொரு பேரும் இருக்குதுங்க சாமி.”

“யார் பேர்?”

“கோதண்டபாணிங்க. அந்தப் பொண்ண எறக்கி உட்டவரு.”